மகளுக்கு ஊசி, தாய்க்கு?

இந்தியாவில் புற்றுநோயைப் பற்றிப் பேசுபவர்கள் எடுத்துக்காட்டும் எண்களில் பெரும்பகுதி பெங்களூரில் தொகுக்கப்படுபவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோய்த் தகவலியல் மற்றும் ஆராய்ச்சி மையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. நாடெங்கும் உள்ள புற்றுநோய்ப் பதிவேடுகள் அனுப்பும் விவரங்களைச் சரிபார்த்து வெளியிடுவது அதன் வேலை. அந்த மையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1981 டிசம்பரில் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் தொடங்கியபோது, மக்கள்தொகை அடிப்படையில் கணக்கெடுக்கத் தேர்ந்தெடுத்த மூன்று நகரங்களில் பெங்களூரும் ஒன்று. சென்னையும் மும்பையும் மற்ற இரண்டு. பெங்களூரில் அந்தப் பொறுப்பு கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனத்திடம் வந்தது.

இந்தக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நோயாளி தானாக வந்து பெயர் கொடுப்பார் என்று பதிவேட்டு ஊழியர்கள் காத்திருப்பதில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, லேப் லேபாகப் போய் கேஸ் ஷீட்டைப் புரட்டி விவரம் எடுக்கிறார்கள். இறப்புப் பதிவுகளையும் பார்க்கிறார்கள். ஒரே பெண் இரண்டு மருத்துவமனைகளில் காட்டியிருந்தால் அவரை இரண்டாக எண்ணிவிடாமல் கழிக்கிறார்கள். நகரத்தில் குறைந்தது ஓராண்டு குடியிருந்தவர்தான் கணக்கில் வருவார். ஓசூரிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ பஸ் பிடித்துக் கித்வாய்க்கு வந்து கதிர்வீச்சு எடுத்துக்கொள்ளும் பெண், மருத்துவமனையின் பதிவேட்டில் இருப்பார்; பெங்களூரின் மக்கள்தொகைப் பதிவேட்டில் இருக்க மாட்டார். கித்வாயின் வெளிநோயாளிப் பிரிவில் தெரியும் கூட்டத்தை வைத்து நகரத்தின் நோய் விகிதத்தை மதிப்பிடுபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

அப்படிக் கவனமாக எண்ணியதில் ஒரு நல்ல செய்தி கிடைத்தது. 1980களில் பெங்களூரிலும் சென்னையிலும் பெண்களுக்கு வந்த புற்றுநோய்களில் முதலிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு. பிறகு ஆண்டுக்கு ஆண்டு விகிதம் இறங்கியது. மார்பகப் புற்றுநோய் முந்திக்கொண்டது. இதற்காக யாரும் தனியாகத் திட்டம் போடவில்லை. பெண்கள் படித்தார்கள், திருமண வயது தள்ளிப்போனது, பிள்ளைப்பேறு குறைந்தது, வீட்டுக்குள் தண்ணீரும் கழிப்பறையும் வந்தன. நோய் இறங்கியதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்கள் இவை. சரி, நல்லதுதான். ஆனால் தானாக இறங்கும் நோய்க்கு எதற்குச் செலவு என்ற மெத்தனமும் கூடவே வந்தது என்பது என் சந்தேகம். விகிதம் குறைந்தாலும் மக்கள்தொகையும் ஆயுளும் கூடியதால் நோயாளிகளின் எண்ணிக்கை அதே வேகத்தில் குறையவில்லை.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022 மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். உலகம் முழுவதும் இறந்தவர்கள் சுமார் 3,50,000. நாட்டுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு பெரிது. 2020-இல் வெளியான பதிவேட்டு அறிக்கையில் அருணாசலப் பிரதேசத்தின் பாப்பும்பாரே மாவட்டத்தில் விகிதம் லட்சம் பெண்களுக்கு 27.7. அதே வடகிழக்கில், அசாமின் திப்ருகரில் அது ஐந்தைக்கூட எட்டவில்லை. ஆகவே ‘இந்தியாவின் விகிதம்’ என்று ஒற்றை எண்ணைச் சொல்வது பேச்சுக்கு வசதி, திட்டம் போட உதவாது.

நோய்க்குக் காரணம் மனிதப் பாப்பிலோமா வைரஸ். ஆங்கில எழுத்துகளில் எச்.பி.வி. இதில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு; கைவிரலில் வரும் மருவும் இந்தக் குடும்பத்தின் வேலைதான். புற்றுநோயோடு தொடர்புடையவை சுமார் ஒரு டஜன். ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ட்சூர் ஹவுசன் 1983-இல் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் புற்றுத் திசுவில் கண்டுபிடித்தார். அதற்காக 2008-இல் நோபல் பரிசு பெற்றார். உலக அளவில் நோயாளிகளில் சுமார் 70 சதவீதத்தினருக்கு இந்த இரண்டு வகைகளே காரணம். இந்தியாவில் அது 80 சதவீதத்துக்கும் மேல். இந்த இரண்டு வகைகளையும் தடுக்கும் ஊசியால் வேறு நாட்டவருக்குக் கிடைப்பதைவிட நமக்குக் கூடுதல் பயன் என்று இதற்குப் பொருள்.

தொற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். சிலரிடம் மட்டும் வைரஸ் தங்கிவிடுகிறது. செல் கட்டுப்பாடின்றிப் பெருகுவதைத் தடுக்கும் பி53, ஆர்பி என்ற இரண்டு புரதங்களை வைரஸின் ஈ6, ஈ7 புரதங்கள் முடக்குகின்றன. தங்கிய தொற்று புற்றாக மாறப் பத்து முதல் இருபது ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இது வேகமாக நடக்கும். இத்தனை ஆண்டு அவகாசம் தரும் புற்றுநோய்கள் குறைவு. அந்த அவகாசத்துக்குள் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், கொல்லும் நோயைக் கிளினிக் மேசையிலேயே முடித்துவிடலாம்.

யாருக்கு, எந்த வயதில் தொற்று இருக்கிறது? இதற்கு நம் பக்கத்து ஆய்வுகளே பதில் சொல்கின்றன. அடையாறு புற்றுநோய் நிறுவனம் பங்கேற்று 2003-இல் வெளியான சென்னை ஆய்வில், புற்றுநோய் கண்ட பெண்களில் ஒருவரைத் தவிர எல்லோரிடமும் வைரஸ் இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த நோயில்லாத பெண்களிலும் நான்கில் ஒருவருக்கு மேல் தொற்று. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 16 முதல் 59 வயதுவரையான 1,891 மணமான பெண்களைச் சோதித்த ஆய்வு 2005-இல் வந்தது. தொற்று 16.9 சதவீதம். அதைவிட முக்கியம் வயது வரைபடம். மேலைநாடுகளில் இருபதுகளில் தொற்று உச்சிக்குப் போய், முப்பதுக்குப் பிறகு இறங்கிவிடும். திண்டுக்கல்லில் அப்படி இறங்கவே இல்லை. இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் இருந்த அளவே ஐம்பதை நெருங்கும் பெண்ணிடமும் இருந்தது.

ஏன்? நோய் எதிர்ப்புத் திறன், சிறு வயதுத் திருமணம், ஒருமுறையும் பரிசோதனையோ சிகிச்சையோ நடக்காதது என்று பல விளக்கங்கள் உண்டு. கணவர் மூலம் புதிதாகத் தொற்று வருவதும் ஒன்று. ஒரே கணவருடன் வாழ்ந்த பெண்ணுக்கும் இந்த வைரஸ் வரும். அவர் நடத்தைக்கும் நோய்க்கும் முடிச்சுப் போடுவது அறியாமை, அதோடு கொடுமையும்கூட. ‘குடும்பப் பெண்ணுக்கு இது எப்படி வரும்’ என்ற கேள்வியால்தான் எத்தனையோ பேர் டெஸ்டுக்கே வருவதில்லை.

பரிசோதனை பக்கம் வருவோம். பணக்கார நாடுகளை மாற்றியது பாப் ஸ்மியர். செல்களைச் சுரண்டி, கண்ணாடியில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பார்க்கப் பழகிய கண் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அது தோதுப்படவில்லை. அதற்கு மாற்றாக வந்தது வி.ஐ.ஏ. எனப்படும் அசிட்டிக் அமிலச் சோதனை. திரைக்குப் பின்னால் ஒரு மேசை, நல்ல வெளிச்சம், ஸ்பெகுலம், பஞ்சு, நீர்த்த அசிட்டிக் அமிலம். வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறத் தொடங்கிய திசு வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியர் பார்த்துச் சொல்லிவிடலாம். முடிவு அங்கேயே தெரியும். உறைய வைக்கும் கருவியாலோ வெப்பமூட்டும் கருவியாலோ அதே வருகையில் சிகிச்சையும் கொடுக்கலாம்.

இது உயிரைக் காப்பாற்றுமா என்பதை உலகத்துக்கு நிரூபித்த ஊர்களில் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை. அங்குள்ள கிறிஸ்தவ சமூக நல மையத்தை வைத்து 2000-இல் தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயதுப் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். 2007-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: ஒரே ஒரு முறை வி.ஐ.ஏ. செய்த கிராமங்களில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைவு. மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடந்த பெரிய ஆய்வும் இறப்பு 31 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. மகாராஷ்டிரத்தின் அன்றைய உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களைக் கொண்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. வி.ஐ.ஏ., பாப் ஸ்மியர், எச்.பி.வி. டெஸ்ட் மூன்றையும் ஒப்பிட்டது அது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை எச்.பி.வி. டெஸ்ட் செய்தாலே இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று 2009-இல் அறிவித்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் எச்.பி.வி. டெஸ்டை முன்னிறுத்துவதற்கு இந்த ஆய்வு ஒரு தூண்.

இந்த ஆய்வுகளின் இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஒப்பீட்டுக்காகப் பரிசோதனையே செய்யாமல் விடப்பட்ட பெண்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மூன்று ஆய்வுகளிலும் அந்தப் பிரிவில் 254 பேர் இந்த நோயால் இறந்ததாக விமர்சகர்கள் பின்னர் எழுதினார்கள். பாப் ஸ்மியர் உயிர் காக்கும் என்று ஏற்கெனவே தெரிந்திருக்க, ஒரு பிரிவுக்கு எதுவும் செய்யாமல் விட்டது நியாயமா என்பது கேள்வி. அப்போது அந்தக் கிராமங்களில் இருந்த நடைமுறையே அதுதான் என்பது ஆய்வாளர்களின் பதில். அந்தப் பதில் எனக்குத் திருப்தி தரவில்லை. ஆனால் அதைவிட உறுத்துவது வேறொன்று: இத்தனை விலை கொடுத்துப் பெற்ற அறிவை நாம் பயன்படுத்திய அளவு.

2016-இல் மத்திய அரசு வழிகாட்டி வெளியிட்டது. முப்பது வயது முதல் எல்லாப் பெண்களுக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வி.ஐ.ஏ. செய்ய வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம். தமிழ்நாடு 9.8 சதவீதத்தோடு முன்வரிசையில். 2007-இல் தேனியிலும் தஞ்சாவூரிலும் சோதனை முறையில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுவதும் விரித்ததன் பலன் இது. அதுவும் பத்தில் ஒருவர்தான் என்பதை மறந்து பெருமைப்படத் தேவையில்லை. கர்நாடகம் தேசிய சராசரிக்கும் கீழே நின்றது. நாட்டின் புற்றுநோய்க் கணக்கை வைத்திருக்கும் ஊரைத் தலைநகராகக் கொண்ட மாநிலம் அது.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பல நிலையங்களில் மறைவான அறை இல்லை. செவிலியருக்குப் பிரசவமும் தடுப்பூசியும் பதிவேடு எழுதுவதுமே நாளை விழுங்கிவிடும். கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. வலி இல்லாதபோது டாக்டரிடம் போகும் பழக்கம் நம்மில் யாருக்கு இருக்கிறது? டெஸ்டில் வெள்ளைத் திட்டு தெரிந்து, ‘பெரியாஸ்பத்திரிக்குப் போங்க’ என்று சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு, அந்தப் பெண் போனாரா என்று பார்க்க ஆளில்லை. பரிசோதனையின் பலன் பெரும்பாலும் கைநழுவுவது அந்தச் சீட்டுக்கும் அடுத்த ஆஸ்பத்திரிக்கும் நடுவில்தான்.

தடுப்பூசியின் கதை வேறு. கார்டசில் என்ற எச்.பி.வி. தடுப்பூசி 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2008-இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. 2009 ஜூலையில் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும், பிறகு குஜராத்தின் வதோதராவிலும், பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் அரசுகளோடும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் சேர்ந்து 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஊசி போட்டது. இரண்டு இடங்களிலும் சேர்த்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். கம்மத்தில் பலர் பழங்குடி மாணவியர் விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். சம்மதப் படிவங்கள் பலவற்றில் பெற்றோர் கையெழுத்துக்குப் பதில் விடுதி வார்டனின் கையெழுத்து இருந்தது. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். பெண்கள் அமைப்புகள் கேள்வி எழுப்பின. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரணைக் குழு, நீரில் மூழ்கியது, விஷம் குடித்தது, பாம்பு கடித்தது, காய்ச்சல் என்று இறப்புகளுக்குத் தனித்தனிக் காரணங்களைக் கண்டது. ஊசியோடு தொடர்பில்லை என்றது. ஆனால் சம்மதம் வாங்கிய முறையையும் பின்விளைவைக் கண்காணித்த முறையையும் குறை சொன்னது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் கடுமையான அறிக்கை கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஏறி, நாடாளுமன்றக் குழு அறிக்கையை நீதிமன்றம் ஆதாரமாக எடுக்கலாமா என்ற அரசியல் சாசனக் கேள்வியாக வளர்ந்து, 2018-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வில் தீர்ப்பானது.

ஊசியில் குற்றமில்லை, போட்டவர்கள் நடந்துகொண்ட விதத்தில் குற்றம் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் ஒரு பத்தாண்டு வீணானது. ஜப்பானிலும் இதே போன்ற அச்சம் 2013-இல் எழுந்து, அரசு தன் பரிந்துரையை நிறுத்திவைத்து, 2022-இல்தான் மீண்டும் தொடங்கியது என்பதைச் சேர்த்துச் சொன்னால் நாம் மட்டுமே இப்படி அல்ல என்று தெரியும்.

இந்தியாவில் 2010-இல் விழுந்த தடையால் எதிர்பாராத ஒரு நன்மை விளைந்தது. அம்பிளிக்கை உட்பட ஒன்பது இடங்களில், இரண்டு டோஸ் போதுமா மூன்று வேண்டுமா என்று பார்க்கும் தனி ஆய்வு ஒன்று 2009 செப்டம்பரில் தொடங்கியிருந்தது. கம்மம் சர்ச்சையில் அதுவும் நடுவழியில் நிறுத்தப்பட்டது. அதற்குள் 17,729 பேருக்கு ஊசி போட்டாயிற்று. அவர்களில் 4,950 பேருக்கு ஒரே டோஸ்தான் கிடைத்திருந்தது. ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 2021-இல் வந்த முடிவு: 16, 18 வகைகளின் தங்கும் தொற்றைத் தடுப்பதில் ஒரு டோஸின் செயல்திறன் 95.4 சதவீதம், மூன்று டோஸுக்கு 93.3. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். கென்யாவில் முறையாகத் திட்டமிட்டு நடந்த ஆய்வும் இதையே சொன்னது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம், 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஒரே டோஸ் போதும் என்று ஏற்றுக்கொண்டது. இந்தியச் சிறுமிகளால் கிடைத்த இந்த அறிவு இன்று எத்தனையோ ஏழை நாடுகளின் தடுப்பூசிச் செலவைக் குறைத்திருக்கிறது.

சிக்கிம் வேறு பாடம் சொல்கிறது. 2018-இல் அந்தச் சின்ன மாநிலம் சுமார் 25,000 சிறுமிகளைக் குறிவைத்து 97 சதவீதத்தினருக்கு ஊசி போட்டது. முன்கூட்டியே ஆசிரியர்கள், பெற்றோர், பத்திரிகையாளர்கள் எல்லோரையும் கூட்டிப் பேசியதைத் தவிர வேறு மந்திரம் எதுவுமில்லை. கம்மத்தில் விட்டுப்போனது அதுதான். பூட்டான் 2010-இலேயே தேசிய அளவில் தொடங்கியது. இலங்கை 2017-இல் பள்ளி மாணவிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி பெற்ற தலைமுறையில் இந்த நோய் 87 சதவீதம் குறைந்திருப்பது 2021-இல் தெரியவந்தது.

புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவேக் தடுப்பூசி 2022 ஜூலையில் அனுமதி பெற்று, 2023 ஜனவரியில் தனியார் சந்தைக்கு வந்தது. அப்போது விலை 2,000 ரூபாய். ஒன்பது வகைகளைத் தடுக்கும் வெளிநாட்டு ஊசி ஒரு டோஸ் பத்தாயிரத்தை ஒட்டி இருந்தது. பெங்களூரில் ஐ.டி. குடும்பத்துக்கு அது பள்ளிக் கட்டணத்தில் ஒரு துளி. தையல் யூனிட்டில் உழைக்கும் தாய்க்கு ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒரே டோஸ் போதும் என்ற ஆதாரம் பிற நிறுவனங்களின் ஊசிகளில் கிடைத்தது. செர்வாவேக்குக்கு அதைத் தனியாக நிறுவ வேண்டும். ‘ஊசி எல்லாம் ஒன்றுதானே’ என்று முடிவு கட்டிவிட முடியாது.

2024 இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்தத் தடுப்பூசியை ஊக்குவிப்போம் என்றார். மறுநாளே ஒரு நடிகை தாம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டதாகப் பொய்ச் செய்தி பரப்பி, அதற்கடுத்த நாள் உயிரோடு வந்து விழிப்புணர்வு என்றார். அந்த இரண்டு நாளில் இந்த நோயைப் பற்றிப் பேசிய தொலைக்காட்சிகள் மூன்றாம் நாள் அடங்கிவிட்டன. தமிழ்நாடு 2025–26 பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகள் அனைவருக்கும் ஊசி என்று அறிவித்து 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. இது ஆரவாரமில்லாத, சரியான அடி. படிப்பை நிறுத்திவிட்ட பெண்ணும் செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு போய்விட்ட பெண்ணும் விட்டுப்போகாமல் பார்க்க வேண்டும். நோய் அதிகம் தாக்குவது அவர்களைத்தான்.

இனி என் கருத்து. ஊசி பற்றிப் பேச்சு சூடுபிடிக்கும்போது பரிசோதனை பின்னுக்குப் போகிறது. ஊசி கண்ணுக்குத் தெரியும் சாதனை; பள்ளியில் வரிசையில் நிறுத்திப் போடலாம், எண்ணிக்கை காட்டலாம், படம் எடுக்கலாம். ஆனால் இன்று 14 வயதுப் பெண்ணுக்குப் போடும் ஊசி, அவள் நாற்பதை நெருங்கும்போதுதான் முழுப் பலன் தரும். அதுவரை வரப்போகும் நோயும் இறப்பும் பெரும்பாலும் இப்போது முப்பதைத் தாண்டிவிட்ட பெண்களுடையவை. ஏற்கெனவே உள்ள தொற்றை ஊசி குணப்படுத்தாது. தென்னிந்தியாவில் வயது ஏறியும் தொற்று இறங்கவில்லை என்ற திண்டுக்கல் ஆய்வு இங்கேதான் உறைக்க வேண்டும். 2030-க்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்கு ஊசி, 70 சதவீதப் பெண்களுக்கு 35, 45 வயதுகளில் தரமான டெஸ்ட், நோய் கண்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. நடுவில் உள்ள 70-இல்தான் நாம் ஒற்றை இலக்கத்தில் நிற்கிறோம்.

வழி இல்லாமல் இல்லை. எச்.பி.வி. டெஸ்டுக்கு மேசையில் படுக்க வேண்டாம். சின்ன பிரஷ்ஷால் பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றிருக்கிறது. கூச்சம், மறைவான அறை, ஆண் மருத்துவர் என்ற மூன்று தடைகளும் ஒரே அடியில் விலகும். காசநோய்க்கும் கொரோனாவுக்கும் ஊர் ஊராகப் போன ட்ரூநாட் கருவி பெங்களூரின் பிக்டெக் ஆய்வகத்தில் உருவானதுதான். அதே கருவியில் ஓடும் எச்.பி.வி. டெஸ்டும் இப்போது வந்திருக்கிறது. கருவி பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

மகளை ஊசிக்கு அழைத்துவரும் தாய்க்குப் பெரும்பாலும் வயது முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில். அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பக் கூடாது. அன்றே ஒரு பிரஷ்ஷைக் கொடுத்து மாதிரி வாங்கி, முடிவை ஆஷா பணியாளர் வீட்டில் வந்து சொல்லும்படி செய்ய வேண்டும். கர்நாடகமும் தமிழ்நாடும் ஊசியையும் டெஸ்டையும் ஒரே திட்டமாக, ஒரே பட்ஜெட் தலைப்பில் கொண்டுவரட்டும். அதுவரை இதைப் படிக்கும் முப்பது தாண்டிய பெண்கள், அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, மாதவிலக்கு நின்றபின் கசிவு இருந்தாலோ, எந்த முகாமுக்கும் காத்திராமல் அந்த வாரமே மகளிர் நோய் மருத்துவரைப் பாருங்கள்.